நாலு வருஷம் நான் கேக்காத காதுப் பக்கம் படுத்திருந்தேன்

எங்க தெருவுல கல்யாணமாகி ஒரு வருஷம் கூட ஆகாத பொண்ணு ஒண்ணு இருக்கு. வீட்டுக்காரர் ஆர்மி, 2025 மே மாசம் எல்லையில ஷெல்லிங், அதாவது பீரங்கி குண்டு வீச்சு நடந்தப்ப ஜம்மு பக்கம்தான் இருந்திருக்கார். லீவுல வந்து 20 நாளாச்சு, அக்கா அவர் என்கூட பேசவே மாட்டேங்கறார், நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியலன்னு எங்க வீட்டு சமையக்கட்டுல உக்காந்து அழுதுச்சு. அப்ப நான் அதுகிட்ட சொன்னதைத்தான் இங்க எழுதறேன். 26 வருஷம் முன்னாடி இதையெல்லாம் எனக்கு யாராவது சொல்லியிருந்தா நான் பல ராத்திரி அழாம தூங்கியிருப்பேன்.

நாங்க வேலூர் பக்கம். எங்க ஏரியாவுல மிலிட்டரி மாப்பிள்ளைங்கறது புதுசு கிடையாது, பக்கத்துல கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க, வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருப்பாங்க. எனக்கு 1997 ஆவணியில கல்யாணம், எனக்கு 20 வயசு, அவருக்கு 24. அவர் ஆர்ட்டிலரி, அதாவது பீரங்கிப் படை. கல்யாணத்துக்கப்புறம் 40 நாள் இருந்தார், அடுத்த வருஷம் 60 நாள் ஆனுவல் லீவ், 1999 ஏப்ரல்ல பொண்ணு பொறந்தப்ப ஒரு 20 நாள். கல்யாணமாகி 21 மாசத்துல நாங்க ஒண்ணா ஒரே கூரைக்கு கீழ இருந்தது மொத்தம் 120 நாள்தான். மத்ததெல்லாம் இன்லேண்ட் லெட்டர். கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.ன்னு ராணுவ தபால் ஆபீஸ் பேருக்கு எழுதி போஸ்ட் பெட்டியில போடுவேன், அது எந்த மலைக்கு போகுது எந்த பாலைவனத்துக்கு போகுதுன்னு தெரியாது. அவர் நேர்ல அதிகம் பேசமாட்டார் ஆனா லெட்டர்ல அப்படி எழுதுவார், மடிக்கிற ஓரத்துல கூட இடம் விடாம பொடி எழுத்துல. நான் பாதி அவரையும் பாதி அவர் கையெழுத்தையும் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னுதான் சொல்லணும். இதை ஏன் சொல்றேன்னா பின்னாடி எங்களை காப்பாத்துனது அந்த கையெழுத்துதான்.

மே மாசம் லீவ் முடியறதுக்கு முன்னாடியே தந்தி வந்துச்சு, உடனே யூனிட்டுக்கு வான்னு. பாப்பாவுக்கு ஒரு மாசம் கூட ஆகல. காட்பாடி ஸ்டேஷன்ல கறுப்பு ட்ரங்க் பெட்டிய ஏத்திட்டு ஜன்னல் வழியா கைய நீட்டி பாப்பா காலை தொட்டுட்டு போனார். அதுதான் கார்கில் சண்டை. அதுக்கப்புறம் ரெண்டரை மாசம் நாங்க பக்கத்து வீட்டு டிவியில தான் வாழ்ந்தோம். திராஸ், தோலோலிங், டைகர் ஹில்னு அதுவரைக்கும் கேட்டே இராத பேரெல்லாம் எங்க மாமியாருக்கு கூட மனப்பாடம் ஆயிடுச்சு. பீரங்கி சுடறத காட்டுவாங்க, அந்த மூஞ்சிங்கள்ல இவர் மூஞ்சி இருக்கான்னு பாப்பேன், காட்டுனதும் மறைஞ்சிடும். அந்த சண்டையில நம்ம பீரங்கிங்க மட்டும் ரெண்டரை லட்சத்துக்கு மேல குண்டு போட்டாங்கன்னு பின்னாடி படிச்சேன், ஒரு நாளைக்கு 5,000 வரைக்கும். போஃபர்ஸ் பீரங்கி குண்டு ஒண்ணு 40 கிலோவுக்கு மேல. அதை தூக்கி போட்டு சுட்டு தூக்கி போட்டு சுட்டு ராவும் பகலும் இருந்தவங்களோட காது என்ன ஆகும்னு அப்ப எனக்கு யோசிக்கத் தெரியல. ஜூலை 26 சண்டை முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. நம்ம பக்கம் 527 பேர் போயிட்டாங்க. எங்க வீட்டுக்கு தந்தி வரல, லெட்டர் வந்துச்சு, நாலே வரி. நல்லா இருக்கேன், பாப்பா எப்படி இருக்கா, பணம் அனுப்பறேன், லீவ் கிடைச்சதும் வரேன். ஓரமெல்லாம் காலியா கிடந்துச்சு. அதை பாத்ததும் எனக்கு வயித்த கலக்குச்சு, ஆனா உயிரோட இருக்காரேன்னு மடிச்சு பீரோவுல வெச்சுட்டேன்.

நவம்பர் மொத வாரம், தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்தார். கன்னம் ரெண்டும் பனியில கருகி உதடு வெடிச்சு, சட்டை தொளதொளன்னு. ஏழு மாச பாப்பா மீசைய பாத்து வீல்னு அழுதுச்சு, அவர் வாங்காமலே கைய இறக்கிட்டார். தெருவே கூடி மாலை போட்டாங்க, கோழி அடிச்சாங்க. தீபாவளிக்கு பசங்க ஆட்டம்பாம் வெச்சப்ப எல்லாரும் இவர் மூஞ்சியத்தான் பாத்தாங்க, அசையவே இல்ல. ஆனா ராக்கெட் வெடி ஒண்ணு சர்ர்ருன்னு கிளம்புச்சு பாருங்க, வாசல்ல நின்னவர் அப்படியே குந்திட்டார். அந்த சத்தம் எதிரி குண்டு வர்ற சத்தமாம், வெடிக்கிறத விட வர்றதுதான் பயம்னு ரொம்ப நாள் கழிச்சு சொன்னார்.

அந்த 60 நாள் லீவுல அவர் ஒரு ராத்திரி கூட உள்ள படுக்கல. திண்ணையில தான். நான் சமைச்சத ரெண்டு வாய் வெச்சுட்டு எழுந்துடுவார், ஓட்டல்ல போய் இட்லி சாப்பிடறார்னு மாமியார் கண்டுபிடிச்சு சொன்னாங்க. நான் கூப்பிட்டா பாதி நேரம் திரும்பக்கூட மாட்டார். எனக்கு 22 வயசு, குழந்தை பெத்த உடம்பு, கண்ணாடி முன்னாடி நின்னு நாம அசிங்கமா ஆயிட்டோமான்னு பாப்பேன். வேற யாராவது பொம்பள இருக்காளோன்னு அவர் பெட்டிய கூட ஒரு நாள் நோண்டி பாத்தேன். என் லெட்டருங்க தான் இருந்துச்சு, நூல் போட்டு கட்டி, மண்ணெண்ணெய் வாசனையோட. அப்பவும் புரியல.

கார்த்திகை முடியற நேரம், பனி கொட்டுச்சு. நடுராத்திரி பாப்பாவுக்கு பால் குடுத்துட்டு வெளிய பாத்தா போர்வை இல்லாம படுத்திருக்கார். போர்வை எடுத்துட்டு போய் மெதுவா தோள்ல போத்துனேன். அவ்ளோதான், என் கை மணிக்கட்டை பிடிச்சு முறுக்கி சுவத்துல அடிச்சார், கண்ணு திறந்திருக்கு ஆனா என்னைப் பாக்கல. கண்ணாடி வளையல் அத்தனையும் உடைஞ்சு கையில ஏறிடுச்சு. நான் கத்தினப்பறம் தான் அவருக்கு நெனப்பு வந்துச்சு. என் கைய பாத்தார், ரத்தத்த பாத்தார், எழுந்து இருட்டுல நடந்து போயிட்டார், விடிஞ்சதும்தான் வந்தார். வளையல் உடைஞ்சத பாத்து மாமியாருக்கு உயிரே போச்சு, காத்து கருப்பு அண்டிடுச்சுன்னு படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு இட்டுனு போனாங்க. கோயிலுக்கு போனது தப்புன்னு நான் சொல்லமாட்டேன், அன்னிக்கு முழுக்க அவர் அமைதியா இருந்தார், குங்குமத்த என் நெத்தியில அவரே வெச்சார். ஆனா ராத்திரி மறுபடியும் திண்ணைதான்.

எனக்கு நிஜமா வழி சொன்னது அவரோட ஆயா, அதாவது அப்பாவ பெத்தவங்க. அப்பவே 75 தாண்டிட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் ரெண்டாவது உலகப்போர்ல மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற பட்டாளத்துல பர்மாவுக்கு போய் வந்தவர். என் கை கட்டை பாத்துட்டு அவங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு. "ஏண்டி, தூங்கற பட்டாளத்துக்காரனை தொட்டியா? உங்க தாத்தா பர்மாவுல இருந்து வந்து ஆறு மாசம் திண்ணையிலதான் கிடந்தாரு. உள்ள படுத்தா என்னை ஏதாச்சும் பண்ணிடுவோமோன்னு அவருக்கு பயம். வெறுப்புன்னு நினைச்சு நான் ஆத்தா வீட்டுக்கு போயிட்டேன், எங்க ஆத்தாதான் திருப்பி அனுப்புச்சு. கால்மாட்டுல நில்லு, நாலடி தள்ளி நில்லு, பேரை சொல்லி கூப்பிடு, அவனே எழட்டும். எழுந்தப்பறம் கிட்ட போ." நீங்க தாத்தாவ பேர் சொல்லியா கூப்பிட்டீங்கன்னு கேட்டேன். அந்தக் காலத்துல எப்படி சொல்றது, கால்மாட்டுல நின்னு வளையலை ஆட்டுவேன், அந்த சத்தம் நான்தான்னு அவருக்கு பழகிடுச்சுன்னாங்க. என்கிட்ட ஆட்ட வளையல் இல்ல, அப்பதான் உடைஞ்சுது.

அன்னிக்கு ராத்திரி கால்மாட்டுல போய் நின்னேன். எங்க பக்கம் புருஷன் பேரை சொல்றது கிடையாது, ரேஷன் கடையில கேட்டா கூட பக்கத்துல இருக்கறவங்க தான் சொல்லுவாங்க. என்னங்கன்னு கூப்பிட்டேன், எழல. அப்பறம் பேரை சொன்னேன். மெதுவா சொன்னா எழல, கொஞ்சம் சத்தமா சொன்னேன். கண்ணு திறந்து என்னைப் பாத்தார், இந்த தடவை நிஜமா என்னைத்தான் பாத்தார். இன்னொரு தடவை சொல்லுன்னார். சொன்னேன். லீவுல வந்து நாப்பது நாள் கழிச்சு அவர் சிரிச்சத அன்னிக்குத்தான் பாத்தேன்.

லவ்வுன்னா நீங்க என்ன நினைக்கிறீங்களோ எனக்குத் தெரியல, எனக்கு அது அந்த திண்ணையில தான் ஆரம்பிச்சுது, கல்யாணத்துல இல்ல. அதுக்கப்புறம் தினமும் ராத்திரி போய் கொஞ்ச நேரம் திண்ணையில உக்காருவேன், அவர் கால்கிட்ட. கால் விரல் நுனியெல்லாம் பனியில மரத்துப் போயிருந்துச்சு, நல்லெண்ணெய் தேய்ச்சு விடுவேன். ஒரு நாள் சுடுதண்ணி வெச்சு கால முக்க சொன்னேன், அவர் பாட்டுக்கு முக்கிட்டு உக்காந்திருந்தார், எடுத்தா கொப்பளம். சூடு தெரியவே இல்ல அவருக்கு. பனியில அடிபட்ட கால் இருக்கறவங்க வீட்ல இதை கவனமா பாருங்க, தண்ணி சூட்டை அவங்க சொல்றத வெச்சு நம்பாதீங்க, குழந்தைக்கு பாக்கற மாதிரி நம்ம முழங்கைய விட்டு பாருங்க. அந்த கொப்பளம் ஆறுற வரைக்கும் நான்தான் கட்டு போட்டேன், அந்த சாக்குல பேச்சும் வந்துச்சு, பாப்பாவும் அவர் மடிக்கு வர பழகிடுச்சு.

இன்னொண்ணு, விசாரிக்க வர்றவங்க. எத்தன பேரை சுட்ட, பயமா இருந்துச்சா, பக்கத்துல யாராவது செத்தாங்களான்னு காபி குடிச்சிட்டே கேப்பாங்க, சின்ன பசங்க இல்ல, நரைச்ச தலைங்க கேப்பாங்க. இவர் எழுந்து கொல்லைப் பக்கம் போயிடுவார். மொதல்ல மரியாதைக் குறைவா போறாரேன்னு எனக்கு சங்கடமா இருந்துச்சு. அப்பறம் நானே குறுக்க பூந்து பேச்ச மாத்த ஆரம்பிச்சேன், அண்ணா நெல்லு என்ன விலை போச்சுன்னு. இதை வீட்டு பொம்பளைங்க தான் செய்யணும், அவங்களா சொல்லமாட்டாங்க. நானும் கேக்கறத நிறுத்தினேன். என்ன நடந்துச்சு சொல்லுங்கன்னு பிடுங்கறது பாசம்னு நினைச்சிருந்தேன், அது பாசம் இல்ல, என் பதட்டத்த அவர் தலையில வைக்கறது.

2001ல செகந்திராபாத்ல பீஸ் ஸ்டேஷன், அதாவது சண்டை இல்லாத ஊர்ல போஸ்டிங், ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைச்சுது. ரெண்டு ரூம், ஒரு பால்கனி, முதல் முறையா நாங்க மூணு பேர் மட்டும். இப்பதான் நிஜமான குடும்பம்னு ஆசையா போனேன். உள்ள படுக்க ஆரம்பிச்சார், ஆனா எனக்கு முதுகைக் காட்டி, இடது பக்கம் சாஞ்சு. ராத்திரியில பேசுவேன், பதில் வராது. முதுகுகிட்ட பேசி பேசி நானும் நிறுத்திட்டேன். ஸ்டவ் பத்த வெச்சா பால்கனிக்கு போயிடுவார். ஒரு நாள் பெரிய சண்டை, நான் கத்தினேன், அவர் ஒண்ணும் சொல்லாம பால் கணக்கு எழுதற நோட்டை எடுத்து பின்பக்கம் ஏதோ எழுதி வெச்சுட்டு டியூட்டிக்கு போயிட்டார். எடுத்து பாத்தா, "கோவம் இல்ல. தலைக்குள்ள விசில் அடிக்கிற மாதிரி இருக்கு, பேச முடியல. சாயங்காலம் சரியாயிடும். நீ சாப்பிடு." அதே பொடி எழுத்து. நான் அந்த நோட்டை நெஞ்சுல வெச்சுட்டு அழுதேன்.

அன்னியிலிருந்து இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்ல அந்த நோட்டு இருக்கு, இப்ப ஓடறது எத்தனாவது நோட்டுன்னு எண்ணல. வாயில வராததெல்லாம் அதுல வரும். நானும் எழுதுவேன். வீட்டுக்குள்ளயே இருந்துட்டு எதுக்கு லெட்டர்னு கேக்கலாம். எங்களுக்கு பழகுன பாஷை அதுதான், அது ஒண்ணுலதான் நாங்க பயமில்லாம இருந்திருக்கோம். நீங்க ஃபோன்ல மெசேஜ் அனுப்பி பழகுனவங்கன்னா பக்கத்து ரூம்ல இருந்தே மெசேஜ் அனுப்புங்க, நேர்ல பேசுனாத்தான் பாசம்னு யாரும் சட்டம் போடல.

அந்த வருஷ டிசம்பர்ல பார்லிமென்ட் தாக்குதல் நடந்துச்சு, ஆபரேஷன் பராக்ரம்னு மொத்த படையும் எல்லைக்கு போச்சு, இவரும் போனார். கிட்டத்தட்ட பத்து மாசம். சண்டை வரல, ஆனா காத்துட்டே இருக்கறது சண்டைய விட மோசம்னு எழுதினார். ரெண்டாவது தடவை திரும்பி வந்தப்ப நான் ரெடியா இருந்தேன். மொத பத்து நாள் விருந்து கிடையாது, சொந்தக்காரங்க கிடையாது, கோயில் கூட பத்து நாள் கழிச்சுதான்னு மாமியார்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். ராத்திரியில ஜீரோ வாட் பல்பு எரியும். படுக்கைய கதவு தெரியற மாதிரி போட்டேன், கதவு முதுகுப் பக்கம் இருந்தா அவருக்கு தூக்கம் வராது. நம்ம பக்கமா ஒட்டி வரணும்னு நான் எதிர்பாக்கறதையும் விட்டேன், வந்தா சந்தோஷம். அவர் வந்தார், நாலாவது நாள்.

இப்ப காது விஷயம். 2005, பாப்பாவுக்கு ஆறு வயசு, மே மாச லீவ்ல அவர் ஊருக்கு வந்திருந்தார். ரெண்டு பேரும் ரகசியம் சொல்லி விளையாடறாங்க. பாப்பா ஓடி வந்து என்கிட்ட சொல்றா, "அம்மா, அப்பாவுக்கு இந்தப் பக்கம் சொன்னா சிரிக்கறார், அந்தப் பக்கம் சொன்னா சும்மா தலைய ஆட்டறார். அந்தப் பக்க காது கெட்டுப் போச்சும்மா." நான் அப்படியே உக்காந்துட்டேன். வலது காது. நாலு வருஷமா நான் அவருக்கு வலது பக்கம் படுத்திருக்கேன். அவர் இடது பக்கம் சாஞ்சு நல்ல காத தலகாணியில அமுக்கிட்டு படுப்பார், நான் கேக்காத காதுகிட்ட என் மனசு முழுக்க கொட்டியிருக்கேன். அவருக்கு நான் பேசினதே தெரியாது. அன்னிக்கு ராத்திரி பாயை இந்தப் பக்கம் மாத்திப் போட்டேன். நேரா கேட்டேன், உங்களுக்கு அந்த காது கேக்காதான்னு. கொஞ்ச நேரம் கழிச்சு, கார்கில்லயே போச்சுன்னார். எதிர்ல இருக்கற மலையையே குறி வெச்சு நாள் முழுக்க அடிச்சாங்களாம், பஞ்சு வெச்சாலும் நிக்காது, ஆர்டர் காதுல விழணுமேன்னு பாதி பேர் பஞ்சையும் எடுத்துடுவாங்களாம். ஏன் யார்கிட்டயும் சொல்லலன்னா, சொன்னா லோ மெடிக்கல் கேட்டகரியில போட்டுடுவாங்க, ப்ரொமோஷன் போயிடும்னு மறைச்சிருக்கார். டாக்டர்கிட்ட மறைச்சத பொண்டாட்டிகிட்டயும் மறைச்சுட்டார்.

அதே லீவுல தான் ஸ்டவ் கதையும் வெளிய வந்துச்சு. நல்ல காதுப் பக்கம் இருந்து மெதுவா பேசுனா அவர் பதிலும் மெதுவா வரும்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. திராஸ் 10,000 அடிக்கு மேல, அங்க எல்லாமே மண்ணெண்ணெய், சமையல், பங்கர்ல சூடு காயற புகாரி அடுப்பு எல்லாம். ஆந்திராக்கார பையன் ஒருத்தன் இவர் கூடவே இருந்தவன், ஸ்டவ் பக்கத்துல டீ போட்டுட்டு இருந்தப்ப எதிரி குண்டு விழுந்துச்சாம். அதுக்கு மேல சொல்லல, நான் கேக்கல. கல்யாணமான நாள்ல இருந்து நான் மண்ணெண்ணெய் ஸ்டவ்ல தான் சமைக்கிறேன், கேஸ் விலை கட்டாதுன்னு. என் சோறு பிடிக்கலன்னு நினைச்சுட்டு விதவிதமா செஞ்சு அதே ஸ்டவ்ல வெச்சு அந்த வாசனையோட அவர் முன்னாடி வெச்சிருக்கேன். அடுத்த வாரமே என் காதுத் தோட்ட வித்து கேஸ் கனெக்ஷன் வாங்கினேன். அந்த ஸ்டவ்வ பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டப்ப அவர் பாத்துட்டே நின்னார், ஒண்ணும் சொல்லல, நோட்டுல மட்டும் "கத்திரிக்கா கொழம்பு நல்லா இருந்துச்சு"ன்னு எழுதியிருந்தார். ஆறு வருஷத்துல என் சமையலைப் பத்தி அவர் எழுதின மொத வரி.

காத மறைச்சதுக்கு பின்னாடி விலை குடுத்தோம். 2009ல 17 வருஷ சர்வீஸ் முடிச்சு வந்தார். வெளிய வர்றப்ப உடம்ப பாக்கற ரிலீஸ் மெடிக்கல் போர்டுல காத சொன்னா, வேலையால வந்துச்சுன்னு காட்ட அதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் கூட இல்ல. 20 சதவீதமோ அதுக்கு மேலயோ ஊனம் இருந்து, அது சர்வீஸால வந்தது இல்ல அதிகமாச்சுன்னு ஏத்துக்கிட்டாத்தான் அதுக்கான பென்ஷன். விண்ணப்பம் போட்டோம், நிராகரிச்சுட்டாங்க, எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கு. அதனால சர்வீஸ்ல இருக்கறவங்க வீட்டுக்காரிங்களுக்கு சொல்றேன், காது, முதுகு, தூக்கம் எது கெட்டாலும் அங்கயே எம்.ஐ. ரூம்ல, அதாவது யூனிட் டாக்டர்கிட்ட காட்டி எழுத வெக்க சொல்லுங்க, காப்பி எடுத்து வீட்ல வையுங்க. கல்யாணம், குழந்தை பொறந்தது ரெண்டும் பார்ட் டூ ஆர்டர்ங்கற ராணுவ பதிவுல ஏறியிருக்கா, பேரும் பொறந்த தேதியும் ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு இப்பவே பாருங்க, ஒரு எழுத்து மாறினா கூட ஃபேமிலி பென்ஷனுக்கு அலைய விட்டுடுவாங்க. வெளிய வந்ததும் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவ திட்டம், ஈ.சி.எச்.எஸ். கார்டு போட்டுடுங்க. எங்களுக்கு ஹியரிங் எய்ட் அதுலதான் கிடைச்சுது.

ரிட்டயர் ஆகி வந்த மொத வருஷம் சண்டை நடந்த வருஷத்த விட கஷ்டம், இதை யாரும் முன்னாடியே சொல்றதில்ல. 12 வருஷமா நான்தான் வீட்டை நடத்தினேன், ஃபீஸ், கரண்ட் பில், நிலத்து தகராறு, மாமனார் சாவு எல்லாத்துக்கும் நான். இவர் வந்து போர்வைய மடிக்கிற மொற சரியில்ல, பாப்பா அஞ்சு மணிக்கு எழணும், டப்பாவெல்லாம் வரிசையா இருக்கணும்னா எனக்கு எப்படி இருக்கும். அவர் பக்கம் பாத்தா, அத்தன பேருக்கு உத்தரவு போட்ட மனுஷனுக்கு சொந்த வீட்ல உக்கார இடம் இல்ல. நோட்டுல அவர்தான் எழுதினார், "நான் இல்லாமலே இந்த வீடு நல்லா ஓடுது." அதை படிச்சுட்டு நிலத்தையும் பேங்கையும் முழுசா அவர்கிட்ட குடுத்துட்டேன், தப்பா செஞ்சாலும் வாய் திறக்கறதில்லன்னு எனக்கு நானே கட்டுப்பாடு போட்டேன். சமையக்கட்டும் பாப்பா படிப்பும் என்னுது. அப்பறம் ஒரு பேங்க்ல செக்யூரிட்டி வேலை கிடைச்சுது, யூனிஃபார்ம் போட்டு காலையில கிளம்புனதும் முகத்துல ஒரு தெளிவு வந்துச்சு.

குடியப் பத்தியும் சொல்லணும். மிலிட்டரி கேன்டீன் கோட்டா ரம் மாசா மாசம் வரும், தூக்கம் வரலன்னு ஒரு க்ளாஸ், அப்பறம் ரெண்டு. அதை நான் திட்டித் திட்டி நிறுத்த பாத்தது வேலைக்கு ஆகல. தூக்கம்தான் பிரச்சனைன்னு பிடிச்சதும் வழி கிடைச்சுது. 2010ல ஒரு மனநல டாக்டர்கிட்ட போனோம், பைத்தியத்துக்கு பாக்கற டாக்டர்னு சொன்னா வரமாட்டார்னு தூக்கத்துக்கு டாக்டர்னுதான் இட்டுனு போனேன். அவர் மொதல்ல என்னை வெளிய உக்கார வெச்சு இவர்கிட்ட தனியா பேசினார், அப்பறம் ரெண்டு பேர்கிட்டயும். எட்டு மாசம் மாத்திரை, மாசம் ஒரு தடவை பேச்சு. பெரிய அதிர்ச்சிக்கு அப்பறம் வர்ற இந்த மன பாதிப்புக்கு பி.டி.எஸ்.டி.ன்னு ஒரு பேர் இருக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது, பேர் இருக்குன்னா நம்ம மட்டும் இல்லன்னுதானே அர்த்தம், அதுவே எனக்கு பாதி தைரியம். இப்ப 14416னு டெலி மானஸ், அரசாங்க மனநல உதவி நம்பர் இருக்கு, ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம், 24 மணி நேரமும். அந்த பொண்ணுகிட்டயும் இந்த நம்பரை எழுதிக் குடுத்தேன். கூடவே ஒண்ணு சொன்னேன், தூக்கத்துல கை ஓங்கறது வேற, முழிச்சிட்டு அடிக்கிறது வேற. முழிச்சிட்டு அடிச்சா சண்டை மேல பழி போட்டு பொறுத்துட்டு இருக்காத, நேரா அம்மா வீட்டுக்கு வந்துடு, அங்க இருந்து பேசலாம்னு.

அப்பறம் அதுகிட்ட கேட்டேன், எந்த காதுப் பக்கம் படுக்கறன்னு. முழிச்சுது. காது இல்லன்னா வேற ஏதாவது இருக்கும், என்ன சத்தம் என்ன வாசனை வந்தா எழுந்து போறார்னு பத்து நாள் பேசாம கவனி, அவர்கிட்ட கேக்காதன்னு சொல்லி அனுப்பினேன்.

போன ஞாயித்துக்கிழம ஓடி வந்துச்சு. காதெல்லாம் நல்லா கேக்குதாம். அவங்க தெரு முனையில ஒரு கல்யாணம், படம் எடுக்க ட்ரோன் கேமரா விட்டிருக்காங்க, அந்த ஙொய்ங்கற சத்தம் கேட்டதும் சாப்பிட்டுட்டு இருந்தவர் தட்டோட எழுந்து உள் ரூமுக்கு போய் லைட்டை அணைச்சுட்டாராம். ராத்திரி ஃபேன் ஓடுனா ஏன் அவருக்கு தூக்கம் வரலன்னு அதுக்கு அப்பதான் பிடிபட்டுச்சாம், அந்த பழைய ஃபேனும் அதே மாதிரிதான் சத்தம் போடுமாம். மறுநாளே அதை கழட்டி போட்டுட்டு சத்தம் வராத டேபிள் ஃபேன் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கு. "அக்கா, அடுத்த மாசம் எங்க தம்பி ரிசப்ஷன், ட்ரோன் வேணாம்னு ஃபோட்டோக்காரர்கிட்ட சொல்லிட்டேன். தம்பிக்கு கோவம், ரெண்டாயிரம் அட்வான்ஸ் போச்சுன்னு. பரவாயில்லக்கா, இவருக்கு நான் சொன்னது தெரியாது"ன்னு சொல்லிட்டு, அடுப்புல பால் வெச்சிருக்கேன்னு உக்காராம கூட ஓடிடுச்சு.